பேலியோஇகாலஜி: தொல்சூழலியலா, தொல்திணையியலா?

திருச்சியிலிருந்து, கல்லூரி ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். நிலவியல் மாணவர்களை அடுத்த வாரம் பெரம்பலூர் மாவட்டத்தில் புதைபடிவங்கள் கிடைக்கும் காரைக்கு அழைத்துச் செல்கிறேன். களக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். பழங்கால உயிர்களின் வாழ்வுறவுகளைப் படிக்கும் ‘பேலியோஇகாலஜி’க்குத் தமிழ்ச்சொல் மட்டும் முடியாமல் நிற்கிறது. ‘தொல்சூழலியல்’ என்று எழுதியிருந்தேன். “தொல்சூழலைப் பற்றிய இயலா, தொன்மையான சூழலியலா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அன்றைய கடலின் ஆழம், வெப்பம், உப்பு இவையெல்லாம் தொல்சூழல். அந்தக் கடலில் எது எதைத் தின்றது, எது எதன்மேல் ஒட்டி வாழ்ந்தது என்ற உறவுகளைத் தேடுவது இந்தத் துறை. ஒரே சொல்லில் இரண்டும் குழம்புகின்றன.

மன்னார்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, ‘திணை’ இருக்கச் சூழல் எதற்கு? நிலமும் பொழுதும் முதற்பொருள். “தெய்வம் உணாவே மாமரம் புட்பறை” என்று தொல்காப்பியர் அடுக்குவது கருப்பொருள். நீங்கள் கேட்கும் பிரிவினை அங்கேயே கிடக்கிறது. ‘தொல்திணையியல்’ என்று எழுதுங்கள். புணர்ச்சியையும் பார்ப்போம். அல்+திணை அஃறிணை, பல்+துளி பஃறுளி. தனிக்குறிலை அடுத்த லகரம், தகரம் வந்தால் ஆய்தமாகவும் பெறும் என்பது நன்னூல். ஆகவே ‘தொஃறிணையியல்’ என்றும் எழுதலாம். கடல் கொண்டதாகச் சிலம்பு சொல்லும் ஆறும் பஃறுளிதான். கடலுக்குள் அடங்கிய உயிர்களைப் படிக்கும் துறைக்கு அதே ஆய்தம் வாய்ப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அரியலூரிலிருந்து, நிலவியலாளர்:
ஐயா, உங்கள் புலமையை வணங்குகிறேன். ஆனால் முதலாண்டு மாணவர் ‘தொஃறிணையியல்’ என்பதை வாய்விட்டுப் படிக்கவே தயங்குவார். தவிர, திணையில் உரிப்பொருளும் உண்டல்லவா? புணர்தலும் பிரிதலும் மனிதர் ஒழுக்கம். காரையின் களிமண் படிந்தது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது மனிதரே இல்லை.

களத்தில் கிடைப்பதைச் சொல்கிறேன். ஓடை அரித்த மேடுகளில் துப்பாக்கித் தோட்டாவைப் போலப் பெலெம்னைட்டுகள் சிதறிக் கிடக்கும். கணவாய்க்கு உறவான உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான முனை அது. எங்கள் பகுதியில் கப்பல்புழு துளைத்த மரத்துண்டும் கல்லாகிக் கிடைக்கிறது. உடைந்த பக்கத்தைத் திருப்பினால் விரல் பருமனுக்கு வட்டவட்டமாகத் துளைகள் தெரியும். மரம் கரையில் வளர்ந்தது, ஆற்றோடு வந்து கடலில் மிதந்தது, மிதக்கும்போது புழு குடியேறியது. இவ்வளவையும் ஒரு துண்டிலிருந்து படிக்கிறோம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அடிமரத்தைக் ‘கல்மரம்’ என்கிறோம். கேட்டவுடன் புரிகிறது. அப்படி ஒரு சொல் வேண்டும். ‘பேலியன்டாலஜி’க்குத் தொல்லுயிரியல் என்பது நிலைத்துவிட்டதால் ‘தொல்லுயிர்ச்சூழலியல்’ என்பது என் முன்மொழிவு.

யாழ்ப்பாணத்திலிருந்து:
புதைபடிவத்தை நாங்கள் ‘உயிர்ச்சுவடு’ என்று படித்தவர்கள். புதைபடிவம் என்றால் புதைந்த உடல்தான் மனதில் வரும். புழுத்துளையும் காலடியும் உடலல்ல, உயிர் விட்டுப்போன சுவடு. உங்கள் மரத்துண்டே அதற்குச் சான்று. ‘சுவட்டுச் சூழலியல்’ என்று வைத்தால் என்ன?

திருச்சியிலிருந்து:
அழகாக இருக்கிறது, ஐயா. ஆனால் ‘கார்பன் சுவடு’ என்று தினமும் கேட்கும் பிள்ளைகள் இதையும் அதோடு சேர்த்துவிடுவார்கள்.

மன்னார்குடியிலிருந்து:
உயர்திணை, அஃறிணை என்னும்போது உரிப்பொருளையா பேசுகிறோம்? திணை பலபொருள் ஒருசொல். ஆய்தத்தை விட்டுவிடுகிறேன். திணையை விடமாட்டேன்.

திருச்சியிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். குழுமத்தில் மூன்று பேர் ‘தொல்லுயிர்ச்சூழலியல்’ பக்கம் நிற்பதால் அதையே அட்டையில் போடுகிறேன். ‘தொல்சூழல்’ அன்றைய கடலின் நிலைமைகளை மட்டும் குறிக்கும். ‘உயிர்ச்சுவடு’ கலைச்சொல் பட்டியலில் புதைபடிவத்துக்குப் பக்கத்தில் இடம்பெறும்.

மன்னார்குடியிலிருந்து:
போடுங்கள், அம்மா. எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குழுமம் பதிவு செய்துகொள்ளட்டும். காரையில் அந்த மரத்துண்டு கைக்கு வந்தால், மாணவர்களை நிறுத்தி அந்தக் கருப்பொருள் நூற்பாவை ஒருமுறை சொல்லிக்காட்டுங்கள். அதில் மரம் இருக்கிறது.