படம் வந்தது, சத்தம் வரவில்லை: பழைய வீடியோ கேம் அனுபவங்கள்

பவானிக்காரன்:
1996 கோடை விடுமுறை, அப்புச்சி வீடு. மாமா வாங்கி வந்த சீன கேம் பெட்டியை ஆண்டெனா ஓட்டையில் செருகிவிட்டு, டிவியின் ட்யூனிங் திருகை நகத்தால் திருப்பிக்கொண்டே இருந்தேன். சட்டென்று வண்ணப் படம், துடைத்துவிட்டதுபோல் தெளிவாக. சத்தம் மட்டும் இல்லை, வெறும் இரைச்சல். திருகை இம்மி நகர்த்தினாலும் படம் கலைந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. திண்ணையிலிருந்து அப்புச்சி எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, ஊமைப் படமா?" என்றார். பெட்டி பழுது என்று முடிவுகட்டி, அதைச் சொல்லாமலே பெருந்துறை மச்சானிடம் 150 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். இன்றும் உறுத்துகிறது.

திருப்பூர்த் தறி:
பெட்டியில் பழுதே இல்லை. அன்று நம் நாட்டு டிவி பால்-பி என்ற ஒளிபரப்பு முறை. படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். சீனாவின் பால்-டி முறையில் அது 6.5. படம் ஒத்துப்போகும், டிவி தேடுகிற இடத்தில் ஒலி இருக்காது. பெட்டியின் மஞ்சள் (படம்), வெள்ளை (ஒலி) வயர்களை டிவியின் ஏவி ஓட்டைகளில் நேராகச் செருகியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எனக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பிளேஸ்டேஷன் கேம் பெட்டி கறுப்பு வெள்ளையில்தான் ஓடியது. அங்கே வண்ண சிக்னல் 3.58 மெகாஹெர்ட்ஸ், இங்கே 4.43. என் பந்தயக் கார் சிவப்பா நீலமா என்று தெரியாமலே ஒரு மாதம் ஓட்டினேன்.

கோபி வாய்க்கால்:
"செருகியிருந்தால் முடிந்திருக்கும்" என்று இப்போது சொல்வது எளிது. அன்று எங்கள் வீதியில் ஏவி ஓட்டை உள்ள டிவியே கிடையாது. பக்கத்து வீட்டு விசிஆரை (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) இரவல் வாங்கி, பெட்டியின் வயர்களை அதில் செருகி, அங்கிருந்து டிவிக்கு ஆண்டெனா வயர் இழுத்தோம். அதுவரை சத்தம் வராத எரிச்சலில் வால்யூமை முழுக்கத் திருகி வைத்திருந்தோம். திடீரென்று அலறியதில் தொழுவத்து எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பொய்யில்லை.

பொள்ளாச்சி மூங்கில்:
போன மாதம் புது டிவியில் பிளேஸ்டேஷன் 2-ஐ மாட்டினேன். படம் இல்லை, உறுமல் மட்டும். என் கதை அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் கவனியுங்கள். புது டிவிகள் பலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று ஓட்டைக்குப் பதில் ஒரே சிறு ஓட்டைதான். அதற்கான பின்னில் நான்கு உலோகப் பகுதிகள், அவற்றின் வரிசை கேபிளுக்குக் கேபிள் மாறும். மஞ்சளின் இடத்தில் சிவப்பைச் செருகிப் பாருங்கள், சில கேபிள்களில் படம் அதில்தான் வரும். வரவில்லையென்றால் டிவியோடு கொடுத்த கேபிளையே தேடுங்கள். பச்சை ஓட்டையிலேயே மஞ்சளையும் செருகச் சொல்லும் டிவி என்றால், மெனுவில் ஏவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காம்பொனென்ட்டில் (படத்தை மூன்று வயர்களில் பிரித்து வாங்கும் முறை) விட்டால் கறுப்பு வெள்ளைதான். பொம்மைத் துப்பாக்கியைத் திரையை நோக்கிச் சுடும் பழைய விளையாட்டுகள் தட்டை டிவியில் குறியே பிடிக்காது, ஆகவே குண்டு டிவியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பவானி அண்ணா, அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை மச்சானிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

பவானிக்காரன்:
போன் செய்தேன். பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறதாம். பின்னால் இரண்டு ஓட்டைகள், மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. வெள்ளையின்மேல் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதாம்.