வன்தட்டை வைக்கும் பெட்டி: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

காட்பாடி ஆசிரியை, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி அறையில் பழைய மேசைக் கணினிகளைக் கழித்துவிட்டார்கள். அவற்றிலிருந்து கழற்றிய வன்தட்டுகள் (ஹார்டு டிஸ்க்) ஒன்பது என் இழுப்பறையில் கிடக்கின்றன. ஏழு இன்னும் நன்றாக ஓடுகின்றன. வரும் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அவற்றை யூஎஸ்பி வழியாகச் செருகும் வெளிச் சேமிப்பாக மாற்றப் போகிறோம். அதற்கு நான்கு பக்கச் செய்முறைத் தாள், முழுக்கத் தமிழில். வியாழன் மாலை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும்.

ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். வன்தட்டை உள்ளே வைத்து மூடுகிறோமே, அந்த 'என்குளோசர்'. கடையில் 'கேஸ்' என்கிறார்கள். பிள்ளைகள் 'டப்பா' என்கிறார்கள். தாளில் பதினேழு இடத்தில் அது வருகிறது. பதினேழு இடத்திலும் கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறேன்.

குடியாத்தம் புலவர், செவ்வாய் காலை

அம்மா, புதுச் சொல்லுக்குப் போகும் முன் கையிலிருக்கும் சொல்லைப் பாருங்கள். 'வன்தட்டு' என்று எழுதுகிறீர்கள். னகர ஒற்றின் முன் வரும் தகரம் றகரமாகும். சுந்தரரை வன்றொண்டர் என்றுதானே படித்தோம்? அப்படியானால் இது வன்றட்டு. அது பிள்ளைகள் வாயில் நுழையாது என்றால் வன்வட்டு என்று எழுதுங்கள். வகரம் வந்தால் திரிபே இல்லை. வட்டமானது வட்டு. பொருளும் நேராக வந்து நிற்கிறது.

இனி உங்கள் கேள்வி. கல்லாமை அதிகாரத்தின் முதல் குறள் 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று தொடங்குகிறது. கட்டம் வகுக்காமல் வட்டுருட்டி ஆடுவது போன்றது, நூல் கல்லாமல் அவையில் பேசுவது. வட்டுக்கு உரிய இடம் அரங்கு. உங்கள் வட்டும் தான் இருந்து சுழல ஓர் இடத்தைத்தான் கேட்கிறது. 'வட்டரங்கு' என்று வையுங்கள். தென் மாவட்டங்களில் வீட்டின் உள்ளறையை அரங்கு என்று சொல்வார்கள், நெல்லும் பாத்திரமும் வைக்கும் அறை. சேமிப்பு என்ற பொருளும் கூடவே கிடைத்துவிடுகிறது.

வேலூர், ஆபிசர்ஸ் லைன் பக்கம் கணினி பழுது பார்ப்பவர், செவ்வாய் மதியம்

டீச்சர், பெயர் வைப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வைத்திருப்பது மேசைக் கணினியின் 3.5 அங்குல வட்டு. அதன் மோட்டார் சுற்ற 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி தருவது 5 வோல்ட். ஆகவே கரண்டுக்குத் தனி அடாப்டர் இல்லாமல் அது எழுந்திருக்காது. மடிக்கணினியின் 2.5 அங்குல வட்டுக்கு 5 வோல்ட்டே போதும், ஒரே கேபிளில் ஓடிவிடும். அதிலும் பழைய யூஎஸ்பி 2.0 துளையில் 500 மில்லிஆம்பியர்தான் கணக்கு, 3.0 துளையில் 900. கரண்டு பற்றாவிட்டால் வட்டு 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே இருக்கும். வட்டு போய்விட்டது என்று நினைத்து நல்ல வட்டைக் குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதைத் தாளின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

இரண்டாவது, பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி ஊசியாக நாற்பது முள் வரிசை இருந்தால் ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பு. எல் வடிவத்தில் தட்டையாக இரண்டு வாய் இருந்தால் சாட்டா என்ற புதிய வகை: சின்ன வாய் தரவுக்கு, 7 தொடுமுனை, பெரிய வாய் மின்சாரத்துக்கு, 15. இரண்டுக்கும் வாங்க வேண்டிய கேஸ் வேறு வேறு. ஐடிஇ வட்டாக இருந்தால் முள் வரிசைக்குப் பக்கத்திலிருக்கும் ஜம்பரை (இரண்டு முள்ளை இணைக்கும் குட்டி மூடி) 'மாஸ்டர்' இடத்தில் வைத்துவிடுங்கள், பாதி தொல்லை தீரும்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. பெட்டி வெறும் தகரமோ பிளாஸ்டிக்கோதான். வேலை செய்வது உள்ளே இருக்கும் விரலகலப் பலகை. வட்டு சாட்டா பேசும், கணினி யூஎஸ்பி பேசும், நடுவில் நின்று மாற்றிச் சொல்வது அந்தப் பலகையின் சில்லு. அதைத் தொழிலில் பாலம் என்ற பொருளில்தான் சொல்கிறோம். பெட்டியே இல்லாமல் வெறும் கேபிளாகவும் அது வருகிறது. நீங்கள் பெட்டிக்கு மட்டும் பெயர் வைத்தால், பெட்டிதான் எல்லாம் செய்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இரண்டு பெயர் வேண்டும்.

காட்பாடி ஆசிரியை, செவ்வாய் மாலை

அண்ணே, மிக்க நன்றி. முதல் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். 'பாலம்' எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வேலூருக்குப் போய் வருகிறார்கள். இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். 'பாலப் பலகை' என்று போடுகிறேன். இதற்கு யாருக்கும் மறுப்பு இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

புலவர் ஐயா, வட்டரங்கு அழகாக இருக்கிறது. ஆனால் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன் விளையாட்டு மைதானமா என்று கேட்டான். இன்னொருத்தி சர்க்கஸ் என்றாள்.

ஆம்பூர், காலணித் தொழிற்சாலை மேற்பார்வையாளர், செவ்வாய் இரவு

நான் ஒரு கருத்து சொல்லலாமா? எங்கள் தொழிலில் அப்பர், லைனிங், இன்சோல், லாஸ்ட் எல்லாமே ஆங்கிலம்தான். தோல் பதனிடும் வேலைக்கு மட்டும் பழைய சொற்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. தையல் பகுதிக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் தமிழில் சொல்லித்தர முயன்றால் வாயில் சொல் இல்லை. இயந்திரம் வந்த அன்றைக்கே யாராவது உட்கார்ந்து நான்கு பெயர் வைத்திருந்தால் இன்று அது புழக்கத்தில் இருந்திருக்கும். அதனால் டீச்சர் செய்வது சின்ன வேலை இல்லை. சொல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, வியாழனுக்குள் வரட்டும்.

என் ஓட்டு 'வட்டுக்கூடு'. பட்டுக்கூடு எல்லாருக்கும் தெரியும். உள்ளே உயிருள்ள ஒன்று இருக்கிறது, மேலே அதைக் காக்க ஒரு மூடல்.

திருவண்ணாமலை மொழிபெயர்ப்பாளர், புதன் காலை

கூடு நல்ல சொல்தான். ஆனால் மெல்லிய பொருளைத்தான் நினைவுபடுத்துகிறது. இது நான்கு திருகாணி போட்டு முடுக்குகிற அலுமினியப் பெட்டி. 'பேழை' என்று சொல்ல வந்தேன். ஒலிநாடாப் பெட்டியை ஒலிப்பேழை என்று எழுதிய காலம் நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

'உறை' என்ற சொல்லைப் பாருங்கள். வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, கடிதத்துக்கு உறை. உள்ளே ஒன்று இருந்தால்தான் உறைக்கு வேலை. இன்னும் உள்ளே போனால் உறைதல் என்பது தங்குதல். குறளில் 'வான்உறையும் தெய்வம்'. தங்குமிடம் உறையுள். சோழர் தங்கிய ஊர் உறையூர். ஓடும் பால் ஓரிடத்தில் தங்கிவிட்டால் தயிராக உறைகிறது, அதற்கு விடும் மோர் உறைமோர். பாலாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு உறைகிணற்றை நான் விளக்க வேண்டியதில்லை. மணல் சரியாமல் வளையம் வளையமாக இறக்குவோமே, அந்த வளையத்துக்கே உறை என்றுதான் பெயர். கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளும் அதே அமைப்புத்தான். வட்டமானது, உள்ளே இருப்பதைக் காப்பது, நீரைத் தேக்கி வைப்பது. தரவைத் தேக்கும் வட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? வட்டு, உறை சேர்ந்து 'வட்டுறை'. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்துவிடுகிறது, புலவர் ஐயாவுக்கும் குறை இருக்காது.

குடியாத்தம் புலவர், புதன் காலை

குறை உண்டு. வாளுறையும், வான் உறைவதும், பால் உறைவதும் ஒரே வேரா? ஒலி ஒன்றாக இருப்பதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது. உறை என்றால் மழை என்றும் பொருள் உண்டு. 'இறைகடியன்' என்ற குறளில் அது வாழ்நாள். அவற்றையும் இந்தக் கிணற்றில் இறக்குவீர்களா? வேர் தேடுவது வேறு, கலைச்சொல் ஆக்குவது வேறு. சொல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

ராணிப்பேட்டை கல்லூரி மாணவர், புதன் மதியம்

ஐயா, அக்கா, மன்னிக்கணும். பிள்ளைகளே 'டப்பா' என்று சொல்கிறார்கள் என்றால் அதையே எழுதினால் என்ன? உருதும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஊர்கள் நம்முடையவை. தொல்காப்பியமே 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று வெளிச்சொல்லுக்கு வழி விட்டிருக்கிறது. எழுத்தை நம்முடையதாக்கிக் கொண்டால் சொல்லும் நம்முடையதே. கடைக்குப் போய் வட்டுறை என்று கேட்டால் கடைக்காரர் 'இன்னா கேக்கற?' என்பார். அந்தப் பையன் அதோடு தமிழ்ச் சொல்லையே விட்டுவிடுவான்.

குடியாத்தம் புலவர், புதன் மதியம்

தம்பி, சூத்திரத்தைச் சரியாகச் சொன்னீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்த வழியில் டப்பா உள்ளே வராது. டகரம் மொழிக்கு முதலில் வராது. முன்னால் இகரம் சேர்த்தால் 'இடப்பா' ஆகிவிடும். அதைக் கேட்டால் யாருக்குப் பெட்டி நினைவுக்கு வரும்?

வேலூர் பழுது பார்ப்பவர், புதன் மாலை

டப்பா என்றால் எங்கள் கடையில் வேறு பொருள். ஓடாத கணினிதான் 'டப்பா'. அதை எழுத வேண்டாம். கேஸ் என்றும் எழுத வேண்டாம். தமிழில் எழுதிப் பாருங்கள், சிலிண்டர் கேஸும் அதுதான், கோர்ட் கேஸும் அதுதான். 'கேஸ் சூடானால் உடனே நிறுத்தவும்' என்று தாளில் படித்தால் வீட்டில் பயந்துவிடுவார்கள்.

எனக்கு வட்டுறை சரி. வாயில் வருகிறது. கொஞ்ச நாள் சொன்னால் பழகிவிடும்.

ஆம்பூர் மேற்பார்வையாளர், புதன் மாலை

ஒரே சந்தேகம். நம் பக்கம் பேச்சில் ற, ர வித்தியாசம் காதில் விழாது. பிள்ளைகள் 'வட்டுரை' என்று எழுதினால் அது யாரோ ஆற்றிய உரை போல ஆகிவிடுமே. கூட்டில் அந்தத் தொல்லை இல்லை.

திருவண்ணாமலை மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு

தலையணை உறையைச் சரியாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இதுவும் வரும். தெரியாவிட்டால் இதை வைத்துத் தெரிந்துகொள்ளட்டும்.

வட்டு, தட்டு விஷயத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டும் வேண்டும். 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் வன்வட்டுக் கருவியில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் அடுக்கியிருந்தார்கள். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்கும் மூடிக்குள் ஒன்றோ சிலவோ தட்டுகள்தான் சுழல்கின்றன. உள்ளே சுழல்வது தட்டு, முழுக் கருவி வட்டு. இப்படிப் பிரித்துக்கொண்டால் புலவர் ஐயா சொன்ன வன்றட்டுச் சிக்கலும் வராது.

காட்பாடி ஆசிரியை, வியாழன் மதியம்

மூன்று மணிக்குக் கிளம்புகிறேன், அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். முழுக் கருவி வன்வட்டு. உள்ளே சுழல்வது தட்டு. பெட்டி வட்டுறை. பலகை பாலப் பலகை. முதலில் வரும் இடத்தில் மட்டும் 'வட்டுறை: கடையில் கேஸ் என்று கேட்கவும், ஐடிஇயா சாட்டாவா, 3.5ஆ 2.5ஆ என்றும் சேர்த்துச் சொல்லவும்' என்று போட்டிருக்கிறேன். ராணிப்பேட்டைத் தம்பி சொன்ன பயம் நியாயமானது. அதற்காகத்தான் இந்த வரி.

கடைசிப் பக்கத்தில் நானாக ஒரு குறிப்பு சேர்த்தேன். வட்டை வேறு ஒருவருக்குக் கொடுக்கும் முன் கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது, மேலே புதிய தரவை எழுதி நிரப்பினால்தான் பழையது போகும் என்று. பள்ளி வட்டுகளில் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் இருந்தது. அவற்றை நேற்றிரவே அப்படித் துடைத்துவிட்டேன்.

குடியாத்தம் புலவர், வியாழன் மாலை

வன்வட்டை ஏற்றதற்கு நன்றி, அம்மா. வட்டுறைக்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். வட்டரங்கைப் பிள்ளைகள் சிரித்ததற்காக விட்டிருக்க வேண்டாம். புதுச் சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பது இயல்புதான்.

காட்பாடி ஆசிரியை, சனி இரவு

வகுப்பு முடிந்தது. ஏழில் ஆறு ஓடின. ஏழாவதுக்கு அடாப்டர் பழுது, அண்ணன் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வட்டுறை என்ற சொல்லைப் பிள்ளைகள் தயங்காமல் சொன்னார்கள். பாலப் பலகையை யாரும் சொல்லவில்லை, 'பச்சைப் பலகை' என்றுதான் சொன்னார்கள். பலகை பச்சையாக இருந்தது.

ஒரு தொல்லை நான் எதிர்பார்க்காதது. வட்டைக் கழற்றும் முன் செய்ய வேண்டியதற்குத் தாளில் 'பாதுகாப்பாக நீக்கு' என்று எழுதியிருந்தேன். கே.வி.குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டாள். 'நீக்குன்னா எல்லாம் அழிஞ்சிடும் மிஸ், கைப்பேசில அப்படித்தான் போட்டிருக்கும்' என்றாள். அவள் சொன்னது சரி. கோப்பை அழிப்பதற்கும் நீக்கு, வட்டைக் கழற்றுவதற்கும் நீக்கு என்றால் எந்தப் பிள்ளைதான் தைரியமாக அழுத்தும்? அவள் அப்படியே கேபிளைப் பிடுங்கப் போனாள், நான் தடுத்தேன்.

அடுத்த குழுவுக்கு வகுப்பு இன்னும் இரண்டு வாரத்தில். 'விடுவி' என்று போடலாமா, 'கழற்று' போதுமா?

ஆம்பூர் மேற்பார்வையாளர், சனி இரவு

கழற்று.

குடியாத்தம் புலவர், ஞாயிறு விடியற்காலை

'கழற்று' என்பதா, 'கழட்டு' என்பதா? முதலில் அதை முடிவு செய்வோம்.