வாரம் ஓர் ஊசி: தொடங்கினால் ஆயுள் முழுக்கவா?

செந்தூல்வாசி:
வயது 43, உயரம் 158 செ.மீ., எடை 92 கிலோ. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். மூன்று முறை பத்துப் பத்துக் கிலோ குறைத்தேன். மூன்று முறையும் அடுத்த தீபாவளிக்குள் வட்டியோடு திரும்பிவிட்டது. இப்போது மருத்துவர் செமாகுளுடைட் ஊசி போடலாம் என்கிறார். "சோற்றைக் குறைத்தால் போதாதா?" என்கிறார் மாமியார். சொன்ன கையோடு என் தட்டில் இன்னொரு அகப்பை வைக்கிறார். அலுவலகத்தில் ஒருவர் விற்கும் 'மூலிகைக் காப்பி' குடித்தால் மாதம் எட்டுக் கிலோ குறையுமாம். முன்பணம்கூடக் கொடுத்துவிட்டேன். ஊசி போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
தங்கச்சி, எனக்கு வயது 57. அதே மருந்தைப் போட ஆரம்பித்து 14 மாதமாகிறது. 118 கிலோவாக இருந்தவன் இப்போது 101. பேனா போன்ற ஊசிதான். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளிக் குத்தினால் எறும்புக் கடி அளவுகூட இல்லை. 0.25 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றினார்கள். 1 மி.கி.க்கு ஏறிய வாரம், பழைய நினைப்பில் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். நான்காவது கவளத்தில் குமட்டியது. "சாப்பாடு சரியில்லையா, அண்ணே?" என்று கடைக்காரர் முகம் வாடிவிட்டார். மலச்சிக்கலும் உண்டு, பப்பாளி கைகொடுத்தது.

ஆனால் இரவு பத்து மணிக்கு என்னைக் கூப்பிடும் பிஸ்கட் டின் வாயை மூடிக்கொண்டது. முப்பது ஆண்டுகளாக என்னை நானே தீனிப்பண்டாரம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். பணமுடையில் இரண்டு மாதம் நிறுத்தியபோது டின் மறுபடி கூப்பிட்டது, ஐந்து கிலோ ஏறியது. செலவு என் மோட்டார்சைக்கிள் தவணையைவிட அதிகம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

படியேறி:
ஊசியெல்லாம் வேண்டாம். தண்ணீர்மலைக் கோயிலுக்குத் தினமும் ஏறுங்கள், தானாகக் குறையும்.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
118 கிலோவைச் சுமந்துகொண்டு நீங்கள் ஏறிக் காட்டுங்கள். நான் இப்போதுதான் ஏறுகிறேன், நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து.

மருந்தாளர், கோலாலம்பூர்:
அண்ணனுக்கு நடந்ததுதான் ஆய்விலும் தெரிந்தது. 2021இல் வெளியான ஆய்வில், 68 வாரம் இந்த ஊசியைப் போட்டவர்கள் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தார்கள்; மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்கள் 2.4 விழுக்காடு. நிறுத்தி ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போலவே இந்த மருந்தும் வேலை செய்கிறது. வயிறு மெதுவாகக் காலியாகும், மூளைக்குப் 'போதும்' என்ற சேதி போகும். மருந்து போனால் சேதியும் போய்விடும். ஆகவே நீண்ட காலத்துக்கு என்று நினைத்தே தொடங்குங்கள்.

கணையத்தில் அழற்சி வந்திருந்தாலோ குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எடையோடு தசையும் கரையும். பருப்பு, முட்டை, மீனைக் குறைக்காதீர்கள்.

அந்தக் காப்பியைத் தொடவே வேண்டாம். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் பல நாடுகள் விலக்கிய சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்தை இப்படிப்பட்ட மெலிவுப் பானங்களில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள். பொட்டலத்தில் அந்தப் பெயர் இருக்காது.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே, நன்றி ஐயா. காப்பிக்குக் கொடுத்த 50 ரிங்கிட்டைத் திருப்பிக் கேட்டேன், முறைத்துக்கொண்டே கொடுத்தார். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். மாமியாரும் வருகிறாராம், ஊசி எவ்வளவு நீளம் என்று பார்க்க.