தமிழ்வழி மாணவி கிளாட் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

தென்காசி மாணவி:
அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்றும், அது ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது என்றும் அறிந்தேன். பாடநூல் ஆங்கிலம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படித்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கான பயிற்சி மையம் எதுவும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தையும் குற்றவியல் சட்டங்களையும் இப்போதே படிக்கத் தொடங்க வேண்டுமா? மையத்தில் சேராமல் வெற்றி பெற இயலுமா?

மூன்றாம் ஆண்டு சட்ட மாணவர்:
சட்ட நூல்களை இப்போது வாங்க வேண்டாம், தங்கையே. 2020 முதல் வினாக்கள் அனைத்தும் பத்திகளை ஒட்டியே கேட்கப்படுகின்றன. இப்போதுள்ள முறைப்படி 120 நிமிடங்களில் 120 வினாக்கள். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டப் பகுத்தாய்வு, தருக்கம், கணிதம் என ஐந்து பகுதிகள். ஒரு பத்தி ஏறத்தாழ 450 சொற்கள் வரை நீளும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்குள் பத்தாயிரம் சொற்கள் அளவுக்குப் படித்தாக வேண்டும். ஆகவே உங்கள் உண்மையான பாடம் சட்டம் அன்று, வாசிப்பு வேகமே.

சட்டப் பகுதியில் பலர் சறுக்குவது அறியாமையால் அல்ல, தமக்குத் தெரிந்த நியாயத்தைக் கொண்டு விடை தேடுவதால்தான். எடுத்துக்காட்டாக, வளர்ப்பு நாயின் மூர்க்க குணம் உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால் மட்டுமே அவர் இழப்பீடு தர வேண்டும் என்று பத்தி கூறுவதாக வைத்துக்கொள்வோம். அதுவரை யாரையும் சீண்டாத நாய் ஒன்று பால்காரரைக் கடித்துவிடுகிறது. பால்காரர் மீது இரக்கம் கொண்டு 'உரிமையாளரே பொறுப்பு' என்று குறித்தால் மதிப்பெண் போய்விடும். பத்தியில் உள்ள விதி நடைமுறைச் சட்டத்தோடு பொருந்துகிறதா என்பதுகூட அங்கே கேள்வியல்ல. 'மட்டுமே' என்ற சொல்லைக் கவனித்தீர்களா என்பதே கேள்வி.

நாள்தோறும் ஒரு தலையங்கத்தைக் கடிகாரம் வைத்துப் படித்து, ஆசிரியர் எதை நிறுவ முயல்கிறார் என்பதை இரண்டு வரிகளில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். தெரியாத சொல் வந்தவுடன் அகராதியைப் புரட்டாமல், பத்தி முடிந்த பிறகு பாருங்கள். வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த இடைநிறுத்தம்தான். இதே பழக்கம் நடப்பு நிகழ்வுகளுக்கும் உதவும். கணிதம் பத்தாம் வகுப்பு அளவிலான விழுக்காடு, விகிதம், சராசரி ஆகியவற்றைத் தாண்டுவதில்லை. மையத்தில் சேராவிட்டாலும், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு தன் இணையதளத்தில் வெளியிடும் முந்தைய வினாத்தாள்களைத் தவறாமல் எழுதிப் பாருங்கள்.

மதுரை வழக்கறிஞர்:
மேலே உள்ள அறிவுரையை ஏற்கிறேன். ஆனால் கிளாட் ஒன்றுதான் சட்டக் கல்விக்கு வாசல் என்ற எண்ணம் மாணவர்களிடையே பரவுவதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னையில் உள்ள சீர்மிகு சட்டப்பள்ளியிலும், உங்களுக்கு அருகே திருநெல்வேலியில் உள்ளது உட்பட அரசு சட்டக் கல்லூரிகளிலும், ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையிலேயே சேர்க்கை நடைபெறுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடும் உண்டு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக் கட்டணமே இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தேர்வு அண்மை ஆண்டுகளில் டிசம்பரில் நடைபெறுவதால், அரையாண்டுத் தேர்வுக்கான படிப்போடு அது மோதும். கிளாட்டுக்காகப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டால் இரண்டு வழிகளும் அடைபட்டுவிடும். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடும்போது எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை.

தென்காசி மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. திருநெல்வேலிக் கல்லூரிக்கும் விண்ணப்பிப்பேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்கிறார்களே, ஐயமுள்ள வினாக்களை விட்டுவிடுவது நல்லதா?

மூன்றாம் ஆண்டு சட்ட மாணவர்:
சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறானால் 0.25 கழியும். நான்கில் ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால், மீதமுள்ளவற்றில் ஒன்றைக் குறிப்பது நெடுங்கணக்கில் ஆதாயமே. பத்தியையே படிக்க நேரமில்லாதபோது அதன் வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது. அந்த நிமிடத்தில், படித்து முடித்த பத்தியில் ஐயத்தோடு விட்டுவைத்த வினாவுக்குத் திரும்புங்கள். ஓஎம்ஆர் தாளில் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் வட்டங்களை நிரப்பிவிடுங்கள்; கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்துக்கொண்டால் நேரம் போதாது.