‘ஸ்ட்ரீம் எடிட்டர்’ தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கல்லூரி ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். யுனிக்ஸ் இயங்குதள ஆய்வகக் கையேடு வெள்ளியன்று அச்சகத்துக்குப் போகிறது. கோப்பின் வரிகளை வரிசையாகத் திருத்தி வெளியே விடும் ‘செட்’ (ஸ்ட்ரீம் எடிட்டர்) கட்டளைக்கு ‘ஓடைத் தொகுப்பி’ என்று எழுதிவைத்திருந்தேன். போன வாரம் ஒரு மாணவன் செட்டின் வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பிவிட்டான். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் முதலில் கோப்பைக் காலிசெய்துவிட்டுத்தான் செட்டை அழைக்கும். நானூறு வரிப் பெயர்ப்பட்டியல் போயிற்று. “ஓடைதானே அம்மா, வற்றிவிட்டது” என்கிறான்.

கோவையிலிருந்து:
அம்மா, ‘தொகுப்பி’ கூடவே கூடாது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கும் பலர் அதைத்தானே எழுதுகிறார்கள்? செட் எதையும் தொகுப்பதில்லை. வரியை வாங்குகிறது, திருத்துகிறது, வெளியே விடுகிறது. திருத்து + இ, திருத்தி. ‘தாரைத் திருத்தி’ என்று வையுங்கள்.

தஞ்சையிலிருந்து:
தாரை வடசொல். ஒழுகு என்ற வினை இருக்க நமக்கு ஏன் கடன்? நேராகச் செல்வதே ஒழுகுதல். ஒழுக்கமும் அதன் வழி வந்ததே. ‘ஒழுக்குத் திருத்தி’ என்க.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, மாரியில் கூரை ஒழுகினால் அதற்குப் பெயர் ஒழுக்கு. ஒழுக்குத் திருத்தி என்றால் மாணவர்கள் ஏணியோடு வருவார்கள்.

தஞ்சையிலிருந்து:
சிரிக்கலாம். ஆனால் நன்னூல் சூத்திர நிலை நான்கு சொல்கிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. செட் கோப்பின் தலையிலிருந்து கடைசிவரை திரும்பாமல் போகிறது, அது ஆற்றொழுக்கு. வேண்டிய வரியை மட்டும் கொத்தும் ‘கிரெப்’ கட்டளை பருந்தின் வீழ்வு. முன்வந்த வரியை ஒதுக்கிவைத்துத் திரும்பப் பார்க்கும் செட்டின் ‘ஹோல்டு ஸ்பேஸ்’ அரிமா நோக்கம். தவளைக்கு, திரையில் அங்குமிங்கும் தாவித் திருத்த உதவும் ‘விஐ’ இருக்கிறது.

கோவையிலிருந்து:
அழகுதான். இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு முதலில் நன்னூல் நடத்த வேண்டியிருக்கும். பெயரின் பிறப்பையும் பாருங்கள். யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1969-இல் எழுதிய எடிட்டர் ‘எட்’. பின்னர் லீ மக்மேகன் அதன் கட்டளைகளை ஓடும் வரிகளுக்குப் பொருத்தியபோது முன்னால் ஓர் எழுத்து சேர்ந்தது. ஆகவே எட் என்பது திருத்தி, செட் ‘ஓட்டத் திருத்தி’.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அப்படியானால் செட்டின் ‘-ஐ’ (-i) விருப்பத்துக்கு என்ன எழுதுவீர்கள்? ‘இடத்திலேயே திருத்தல்’ என்பார்கள். குனூ திட்டத்தின் செட் உண்மையில் தற்காலிகக் கோப்பில் எழுதி, பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடுகிறது. இது ஆள்மாறாட்டம்!

கல்லூரி ஆசிரியை:
ஆள்மாறாட்டத்தை அடுத்த பதிப்புக்கு வைத்துக்கொள்வோம். வியாழன் இரவு பதினொன்று. ‘வரியோட்டத் திருத்தி’ என்று போடுகிறேன். முதல்முறை வருமிடத்தில் பக்கத்தில் ‘செட்’ இருக்கும். வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பாதே என்பது தடித்த எழுத்தில்.

கோவையிலிருந்து:
சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சம்மதம். எல்லோரும் செட் என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

தஞ்சையிலிருந்து:
வரியோட்டம் என்றால் வரி கட்டாமல் ஓடுவதுபோல் இருக்கிறது. என் மறுப்பு அப்படியே நிற்கட்டும். அச்சானதும் ஒரு படி அனுப்புங்கள் அம்மா, ‘ஆற்றொழுக்கு’ என்று ஓரத்தில் நானே எழுதிக்கொள்கிறேன்.