புதுப்பிப்பு: குளச்சல் நீர்மட்டக் குழப்பம் தீர்ந்தது

குளச்சல் கடலடியில் வைத்த ஒலி நீரோட்டமானியின் (ஒலி அனுப்பி நீரோட்டத்தை அளக்கும் கருவி) நீர்மட்டக் கணக்கு, துறைமுக அளவுகோலோடு ஒத்துப்போகவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். கருவியில் பழுதில்லை, கையேட்டை நான் சரியாகப் படிக்கவில்லை. நீரின் அழுத்தத்தை வைத்து மட்டத்தைச் சொல்லும் உள்ளிருந்த அழுத்த உணரி 200 மீட்டர் ஆழம் வரைக்கானது, துல்லியம் அந்த முழு அளவில் 0.1 சதவீதம். அதாவது 20 செ.மீ. பிழைக்கு அதற்கு உரிமை உண்டு! ஓதமே (கடலின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஒரு மீட்டரை எட்டாத கரையில் இது கொஞ்சமா? நீரோட்ட வேகம் தப்பித்தது. அது அழுத்தத்திலிருந்து அல்ல, எதிரொலியின் டாப்ளர் மாற்றத்திலிருந்து (நீர் நகர்வதால் ஒலியின் அதிர்வெண் மாறுவது) வருவது.

இப்போது 0.01 சதவீதத் துல்லியமுள்ள குவார்ட்ஸ் அழுத்த உணரி ஒன்றை, கருவி இருக்கும் அதே சட்டகத்தில் கட்டியிருக்கிறேன். இறக்கும் முன் வள்ளத்திலேயே காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டேன். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) கூடினாலே, உணரி 1 செ.மீ. நீர் ஏறியதுபோலக் காட்டும். "இந்தக் குப்பிக்கா இவ்வளவு பாடு, தம்பி?" என்றார் வள்ளக்கார அண்ணன். முதல் வாரத் தரவில் துறைமுக அளவுகோலிலிருந்து விலகல் 2 செ.மீ.க்குள் நிற்கிறது.