குளிர்கால கேதார்கந்தா: பேக்பேக் மாட்டினால் முதுகு நனைந்து விறைத்துப் போகிறது, என்ன வழி?

சென்னைப் பொடிநடை:
வணக்கம். டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்டில் இருக்கும் இமயமலைச் சிகரமான கேதார்கந்தா போகிறேன். பனியில் நடப்பது இதுதான் முதல் தடவை. பயிற்சிக்காக போன ஜனவரியில் கொடைக்கானலில் முழுச் சுமையோடு டால்பின் நோஸ் வரை இறங்கி, திரும்ப வட்டக்கானலுக்கு ஏறினோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மேலே வந்து பையை இறக்கினால் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. காற்று பட்டதும் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே பருத்திப் பனியன், அதற்கு மேல் ஃப்ளீஸ் (கதகதப்பான மேல்சட்டை), வெளியே ரெயின் ஜாக்கெட், 45 லிட்டர் பை. கொடைக்கானலிலேயே இந்தப் பாடு என்றால் மைனஸில் என்ன ஆகும்? முதுகுப் பக்கம் வலை வைத்த பை வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

மேகமலைக்காரன்:
தம்பி, பைக்குக் காசு கொடுக்க வேண்டாம். முதலில் அந்தப் பனியனைக் கழற்றுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. நீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். நின்றதும் உங்களுக்கு நடுக்கம் எடுத்தது அதனால்தான். மெல்லிய பாலியெஸ்டர் முழுக்கை டீ-ஷர்ட் போதும். காசு இருந்தால் மெரினோ கம்பளி. ஈரமானாலும் ஓரளவு கதகதப்பு கொடுக்கும்.

இரண்டாவது, ஏறும்போது ரெயின் ஜாக்கெட் எதற்கு? மூச்சு விடும் துணி என்று எழுதியிருந்தாலும், பை அழுத்துகிற இடத்தில் அதற்கு மூச்சு கிடையாது. வியர்வை அங்கேயே தங்கிவிடும். காற்றோ பனிப்பொழிவோ இல்லையென்றால் அது பைக்குள் இருக்கட்டும்.

கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கூடாரத்தை விட்டு வெளியே வரும்போதே இதமாக இருந்தால் உடுப்பு அதிகம் என்று அர்த்தம். கால் மணி நேரத்தில் உடம்பு தானாகச் சூடேறிவிடும். நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம் ஏறக்குறைய 6,400 அடி, உச்சி 12,500 அடி. வழியில் இருக்கும் ஜூடா கா தலாப் ஏரி வரை காட்டுக்குள் ஏற்றம்தான். பகல் வெயிலில் பனிக்கு நடுவிலேயே வியர்த்துக் கொட்டும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் போங்கள். வியர்க்கிறது என்று பட்டால் உடனே ஜிப்பை இறக்குங்கள், குல்லாவைக் கழற்றுங்கள். நனைந்த பிறகு கழற்றிப் பயனில்லை.

சென்னைப் பொடிநடை:
நன்றி அண்ணா. ஆனால் மெல்லிய டீ-ஷர்ட்டோடு நடந்தால், நிற்கும்போது குளிராதா? முதுகு கொஞ்சமாவது நனையத்தானே செய்யும்?

பனிவாடை:
நனையும். பையோடு ஏறினால் முதுகு முழுசாகக் காய்ந்திருக்க வழியே இல்லை. எந்தப் பையாலும் அது முடியாது. வலை வைத்த பையை நானும் பயன்படுத்துகிறேன், வெயில் காலத்துக்கு அருமை. பனியில் வலைக்கும் பைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் பனித்தூள் புகுந்து, முதுகுச் சூட்டில் உருகிவிடும். சுமையும் உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்பதால், பனிச் சரிவில் பின்னுக்கு இழுக்கும்.

நிற்கும் நேரத்துக்குத்தான் டவுன் ஜாக்கெட், அதாவது உள்ளே மெல்லிறகு அடைத்த ஜாக்கெட். பையின் மேல்வாயிலேயே வையுங்கள். உட்கார்ந்ததும், குளிர் ஏறுவதற்கு முன்பே, எல்லாவற்றுக்கும் மேல் மாட்டுங்கள். கிளம்பும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள். இறகு வியர்வையில் நனைந்தால் கட்டிதட்டிப் போய்ச் சூடு கொடுக்காது.

பையை இறக்கும் விதமும் முக்கியம் தம்பி. நம் ஊர்ப் பழக்கத்தில் பையின் தோள்வார் கீழே இருக்கும்படி பனியில் சாய்த்துவிடுவோம். முதுகுப் பக்கத்துப் பஞ்சில் பனி ஒட்டிக்கொள்ளும். திரும்ப மாட்டியதும் உருகி, காய்ந்த சட்டையையும் நனைத்துவிடும். தோள்வார் மேலே பார்க்கும்படி படுக்கவையுங்கள், மாட்டும் முன் கையால் ஒரு தட்டு தட்டுங்கள். ராத்திரி பையை வெளியே விட்டால், அந்தப் பஞ்சிலிருக்கும் வியர்வை காலையில் பலகை மாதிரி உறைந்திருக்கும். கூடாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

நீலமலைத் தோழி:
முகாமுக்குப் போனதும் டீ வருகிறதா என்று பார்க்காதீர்கள், முதலில் சட்டையை மாற்றுங்கள். தூங்குவதற்கென்று ஒரு செட் தெர்மலும் சாக்ஸும் தனியாக இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு ஒருபோதும் நடக்க வேண்டாம். ஈர சாக்ஸை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வயிற்றோரம் வைத்தால் காலையில் போட்டுக்கொள்ளலாம். வெளியே தொங்கவிட்டால் குச்சியாகிவிடும்.

ரெயின் கவரை மட்டும் நம்ப வேண்டாம். அது முதுகுப் பக்கத்தை மூடாது. பைக்குள் ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பை விரித்து, ஸ்லீப்பிங் பேக், டவுன், மாற்று உடுப்பு எல்லாவற்றையும் அதில் போட்டு வாயை முறுக்கிவிடுங்கள்.

சென்னைப் பொடிநடை:
ரொம்ப நன்றி அக்கா. உச்சிக்குப் போகும் அன்று விடியற்காலை இருட்டில் கிளம்புவார்களாம். அப்போதும் குளிரக் குளிரத்தான் கிளம்ப வேண்டுமா?

மேகமலைக்காரன்:
அன்றைக்கு மட்டும் கணக்கு வேறு. வெயில் இருக்காது, வரிசையில் அடிக்கடி நிற்க வேண்டியிருக்கும். டீ-ஷர்ட், ஃப்ளீஸ், காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், மூன்றும் போட்டே கிளம்புங்கள். அக்குளில் ஜிப் இருந்தால் ஏற்றம் தொடங்கியதும் திறந்துவிடுங்கள். டவுன் ஜாக்கெட் அன்றும் பைக்குள்தான். உச்சியில் நிற்கும்போது தேவைப்படும். கையுறை இரண்டு ஜோடி எடுங்கள், ஒன்று நிச்சயம் நனையும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேற்பரப்புதான் முதலில் உறையும் என்பதால் மூடிப் பக்கம் அடைக்காது.